மேசைமேல் ஓர் உலகம்

நம் வீட்டு உணவு மேசையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். ஒரு கூஜா, இரண்டு கிண்ணங்கள், வெறுமையான ஒரு கண்ணாடிக் குப்பி ஆகியவை அங்கே இருக்கலாம். நாம் அவற்றைப் பயன்படுத்துகிறோம், கழுவுகிறோம், மீண்டும் அடுக்கி வைக்கிறோம். ஆனால், அவற்றை உற்றுப் பார்ப்பதில்லை. இத்தகைய எளிய பொருள்களையே அரை நூற்றாண்டுக் காலம் உற்றுப் பார்த்து வரைந்தவர் ஒருவர் இருந்தார். இத்தாலி நாட்டு ஓவியரான அவருடைய பெயர் ஜார்ஜியோ மொராண்டி. உலகின் பெரிய அரும்பொருளகங்களில் இன்று அவருடைய சிறிய ஓவியங்களின் முன் மக்கள் நெடுநேரம் நின்று பார்க்கின்றனர்.

கடைசி வரிசையில் இருந்த கலை

பழம், பூ, பாத்திரம், புத்தகம் போன்ற அசையாத பொருள்களை ஒழுங்குபடுத்தி வைத்து, அவற்றைப் பார்த்து வரைவதை அசையாப் பொருள் ஓவியம் என்பர். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் இக்கலை செழித்து வளர்ந்தது. மீன், ரொட்டி, கண்ணாடிக் கோப்பை, பாதி உரித்த எலுமிச்சை எனச் செல்வச் செழிப்பைக் காட்டும் மேசைகளை அந்நாட்டு ஓவியர்கள் தீட்டினர். சில ஓவியங்களில் மண்டையோட்டையோ அணைந்த மெழுகுவர்த்தியையோ சேர்த்து, வாழ்க்கை நிலையற்றது என்பதையும் உணர்த்தினர்.

இருப்பினும், அந்தக் காலத்துக் கலைக்கழகங்கள் இவ்வகை ஓவியத்துக்கு உயர்ந்த இடம் தரவில்லை. வரலாறு, சமயக் கதைகள் ஆகியவற்றைச் சித்திரிக்கும் ஓவியங்களே முதல் வரிசையில் இருந்தன. உயிருள்ள மனிதரை வரைவது அதற்கு அடுத்த நிலை. உயிரற்ற பொருள்களை வரைவது கடைசி வரிசையில் வைக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஷார்டேனும் 19ஆம் நூற்றாண்டில் செசானும் அந்த எண்ணத்தை மாற்ற முயன்றனர். பிரான்சைச் சேர்ந்த இவ்விருவரும் மொராண்டி பெரிதும் மதித்த முன்னோடிகள் ஆவர்.

இளமையும் கல்வியும்

மொராண்டி 1890ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் இத்தாலியின் பொலோன்யா நகரில் பிறந்தார். தந்தை அந்திரேயா ஏற்றுமதி வணிக அலுவலகம் ஒன்றில் பொறுப்பு வகித்தவர். தாயார் மரியா. தம்பி ஒருவன் சிறு வயதிலேயே இறந்துவிட்டான். அன்னா, டினா, மரியா தெரேசா என்னும் மூன்று தங்கையர் இருந்தனர்.

மூத்த மகனைத் தம் தொழிலிலேயே ஈடுபடுத்தத் தந்தை விரும்பினார். 1906ஆம் ஆண்டு மொராண்டியும் தந்தையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால், அவருடைய மனம் கணக்கில் ஒட்டவில்லை, ஓவியத்தையே நாடியது. மகனின் நாட்டத்தைப் புரிந்துகொண்ட குடும்பத்தார் அவரை 1907இல் பொலோன்யா நுண்கலைக் கழகத்தில் சேர்த்தனர். இரண்டே ஆண்டுகளில் தந்தை காலமானார். இளம் வயதிலேயே, தாயும் மூன்று தங்கையரும் உள்ள குடும்பத்துக்கு அவர் தலைமகனாக நிற்க வேண்டியதாயிற்று.

பிறகு அக்குடும்பம் பொலோன்யாவின் ஃபொண்டாஸா வீதிக்குக் குடிபெயர்ந்தது. அந்த வீதிதான் மொராண்டியின் வாழ்நாள் முகவரியாயிற்று. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கையரும் அவ்வாறே. நால்வரும் தாயாருடன் ஒரே வீட்டில் எளிமையாக வாழ்ந்தனர்.

கல்லூரியில் கற்பித்த பழைய முறைகள் மட்டும் அவருக்குப் போதவில்லை. தாமே தேடிக் கற்றார். 1910இல் ஃபுளோரன்ஸ் நகருக்குச் சென்று, ஜோத்தோ, மசாச்சோ போன்ற பழம்பெரும் ஓவியர்களின் சுவரோவியங்களைக் கண்டார். செசானின் ஓவியங்களையோ அவர் முதலில் புத்தகத்தில்தான் பார்த்தார். அவையும் கறுப்பு வெள்ளைப் படங்களே. வண்ணமே இல்லாத அந்தப் படங்களிலிருந்தும் ஓர் ஆப்பிளின் திண்மையை ஓவியர் எப்படிக் கட்டியெழுப்பினார் என்பதை அவர் கற்றுக்கொண்டார். கற்க வேண்டும் என்ற வேட்கை உள்ளவனுக்குக் கிடைத்த சிறிய வாய்ப்பும் பெரிய பள்ளிக்கூடமே.

போரும் நோயும்

1914ஆம் ஆண்டு மொராண்டி தொடக்கப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகப் பணியைத் தொடங்கினார். குடும்பச் செலவுக்கு அந்த வருமானம் தேவைப்பட்டது. 1915இல் இத்தாலி முதலாம் உலகப் போரில் இறங்கியது. நெடிய உருவம் கொண்ட மொராண்டி, உயரமான வீரர்களைக் கொண்ட படைப்பிரிவு ஒன்றில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்குள் அவர் கடுமையாக நோயுற்றார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1917இலும் நோய் அவரை வாட்டியது.

அந்த ஆண்டுகளில் அவர் வரைந்தவை மிகச் சிலவே. தமக்கு நிறைவு தராத பல ஓவியங்களை அவரே அழித்துவிட்டார். இளம் ஓவியர்கள் பலர் அப்போது வேகத்தையும் இயந்திரத்தையும் போற்றும் புதிய கலை இயக்கங்களில் சேர்ந்து புகழ் தேடினர். மொராண்டியும் அத்தகையோருடன் சேர்ந்து 1914இல் ஒரு கண்காட்சியில் பங்கேற்றார். பின்னர் கனவுபோன்ற காட்சிகளை வரையும் மற்றோர் இயக்கத்தின் சாயலிலும் சில ஓவியங்களைப் படைத்தார். ஆனால், எந்த இயக்கத்திலும் அவர் நிலைத்திருக்கவில்லை. 1920க்குப் பிறகு தம் அறையிலிருந்த குப்பிகளிடமே திரும்பி வந்தார்.

படுக்கையறையே பணியறை

மொராண்டிக்குத் தனியாக ஓவியக்கூடம் எதுவும் இல்லை. அவருடைய படுக்கையறையே அவருடைய பணியறை. ஒரு மூலையில் ஒடுங்கிய கட்டில். மற்ற இடமெல்லாம் பொருள்கள். குப்பிகள், கூஜாக்கள், தகர டப்பாக்கள், பூச்சாடிகள், எண்ணெய் விளக்கு, புனல், கிண்ணங்கள் என அவை குவிந்து கிடந்தன. அவற்றுள் பல விலை மலிந்தவை; பழைய பொருள் கடைகளில் கிடைக்கக்கூடியவை.

பொருள்களை அவர் வாங்கி வந்தபடியே வரைந்துவிடவில்லை. குப்பிகளின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளைக் கிழித்தெறிந்தார். சிலவற்றின் மேல் பளபளப்பில்லாத வண்ணத்தைப் பூசினார். சிலவற்றின் உள்ளே வண்ணத்தை ஊற்றினார். கண்ணாடியின் மினுமினுப்பும் பிரதிபலிப்பும் அதனால் மறைந்தன. எந்த நிறுவனத்தின் குப்பி, எதற்குப் பயன்பட்டது என்னும் செய்திகளெல்லாம் நீங்கின. எஞ்சியது வடிவமும் நிறமும் ஒளியும் மட்டுமே. பொருள்களின் மேல் படிந்த தூசியைக் கூட அவர் துடைக்க விரும்பவில்லை. தூசி படிந்த பரப்பில் ஒளி மென்மையாக விழுந்தது.

வெவ்வேறு உயரங்களில் மேசைகளை வைத்திருந்தார். ஒரே குப்பியை மேலிருந்து பார்த்தால் ஒரு தோற்றம். கண்மட்டத்தில் பார்த்தால் வேறொரு தோற்றம். மேசையின் மேல் தாளை விரித்து, அதன்மேல் பொருள்களை வரிசைப்படுத்துவார். ஒரு டப்பாவைச் சற்று இடப்புறம் நகர்த்துவார், விலகி நின்று பார்ப்பார், மீண்டும் நகர்த்துவார். எந்தப் பொருளை எங்கு வைப்பது என்று முடிவு செய்யவே பல நாள்களோ வாரங்களோ ஆகிவிடும். இடம் முடிவானதும், பொருளின் அடிப்பகுதியைச் சுற்றித் தாளில் பென்சிலால் கோடிட்டுக்கொள்வார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. மொராண்டியோ ஒரு குப்பியை விரலளவு நகர்த்துவதற்கே அத்தனை பொறுமையைச் செலவிட்டார்.

அந்த விரலளவு மாற்றம் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு குப்பிகளை ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வையுங்கள். அவை இரண்டும் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரியும். அவற்றைச் சிறிது விலக்கி வையுங்கள். இப்போது அவற்றுக்கு இடையேயுள்ள வெற்றிடம் மூன்றாவது உருவமாகத் தோன்றும். ஒன்றை முன்னே வைத்தால் அதன் நிழல் மற்றொன்றின் மேல் விழும். இவ்வாறு அதே பொருள்களைக் கொண்டு ஒன்றுக்கொன்று வேறுபட்ட நூற்றுக்கணக்கான ஓவியங்களை மொராண்டி படைத்தார். சுண்ணாம்பு வெண்மை, களிமண் பழுப்பு, வெளிறிய இளஞ்சிவப்பு, சாம்பல் போன்ற அடங்கிய நிறங்களையே அவர் மிகுதியாகப் பயன்படுத்தினார்.

செப்புத் தகட்டில் கற்பித்தவர்

மொராண்டி எண்ணெய் வண்ணத்தில் மட்டுமன்றி அச்சோவியத்திலும் வல்லவர். இக்கலையில், மெழுகுபோன்ற பூச்சு தடவிய செப்புத் தகட்டின்மீது கூர்மையான ஊசியால் கோடுகள் கீறப்படும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவர். கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அப்பள்ளங்களில் மையை நிரப்பித் தாளில் அழுத்தினால் படம் கிடைக்கும். இதில் வண்ணம் இல்லை; கோடுகளின் நெருக்கமே ஒளியையும் இருளையும் காட்ட வேண்டும்.

இக்கலையைப் பெரும்பாலும் நூல்களைப் படித்தும் பழைய அச்சோவியங்களை ஆராய்ந்தும் அவர் கற்றுக்கொண்டார். 1930ஆம் ஆண்டு, தாம் பயின்ற அதே பொலோன்யா நுண்கலைக் கழகத்தில் அச்சோவியப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். போட்டித் தேர்வு இல்லாமல், அவருடைய தகுதியையும் பெயரையும் கருதி அப்பதவி வழங்கப்பட்டது. 1956 வரை, 26 ஆண்டுகள் அவர் அங்குக் கற்பித்தார். அவர் வாழ்நாளில் உருவாக்கிய அச்சோவியங்கள் 130க்கும் மேற்பட்டவை. எண்ணெய் வண்ண ஓவியங்களோ 1,300க்கும் மேற்பட்டவை.

உலகம் எரிந்தபோது

மொராண்டி வாழ்ந்த காலம் அமைதியான காலம் அன்று. 1922 முதல் இத்தாலியில் முசோலினியின் சர்வாதிகார ஆட்சி நடந்தது. அவ்வாட்சியை ஆதரித்த எழுத்தாளர், கலைஞர் சிலருடன் அந்தத் தொடக்க ஆண்டுகளில் மொராண்டிக்குத் தொடர்பு இருந்தது. அவர்கள் நடத்திய இதழ்களில் அவருடைய படைப்புகளும் வெளிவந்தன. பிற்காலத்தில் ஆட்சியை எதிர்த்த அறிஞர்கள் சிலர் அவருடைய நெருங்கிய நண்பர்களாயினர். அந்த நட்பின் காரணமாகவே 1943ஆம் ஆண்டு அவர் கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் சிறையில் அடைக்கப்பட்டார்.

விடுதலையான பிறகு, குண்டுவீச்சிலிருந்து தப்பக் குடும்பத்துடன் கிரிட்ஸானா என்னும் மலையூருக்குச் சென்றார். 1913 முதலே அவர் கோடைக்காலங்களில் சென்றுவந்த ஊர் அது. ஆனால், போர் அங்கும் துரத்தி வந்தது. ஜெர்மானியப் படைக்கும் நேச நாட்டுப் படைக்கும் இடையிலான போர்முனை அந்த மலைகளை நெருங்கியது. 1944ஆம் ஆண்டு மொராண்டி பொலோன்யாவுக்குத் திரும்பினார். அவ்வாண்டின் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அதே வட்டாரத்தில் பெண்கள், குழந்தைகள், முதியோர் உட்படப் பொதுமக்கள் நூற்றுக்கணக்கானோர் ஜெர்மானியப் படையினரால் கொல்லப்பட்டனர்.

இந்த ஆண்டுகளில் மொராண்டி எதை வரைந்தார்? கடற்சிப்பிகளையும் குப்பிகளையும் மலைச்சரிவுகளையும்தான். நாடு பற்றி எரியும்போது ஒருவர் சிப்பியை வரைந்துகொண்டிருப்பது சரியா என்னும் கேள்வி எழுவது இயல்பே. அவருடைய கலை வாழ்க்கையிலிருந்து ஒதுங்கிய கலை என்று குறை கூறியோரும் உண்டு. இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. துயரத்தை நேரடியாகக் காட்டும் கலை உலகுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அக்காலத்து ஆட்சி, பெரிய கட்டடங்களையும் வீர முழக்கங்களையும் கலையிடம் எதிர்பார்த்தது. மொராண்டியின் ஓவியங்களிலோ முழக்கம் இல்லை, வீரன் இல்லை, கொடியும் இல்லை. ஒரு வீட்டின் மேசையும் அதன்மேல் விழும் பகலொளியுமே இருந்தன. போர் முதலில் அழிப்பது இத்தகைய சிறிய அமைதியைத்தான். மேசையில் கிண்ணம் வைத்த இடத்தில் இருப்பதும், சன்னலின் வழியே ஒளி வருவதும் எவ்வளவு பெரிய பேறு என்பதை வீட்டை இழந்தவர்களே நன்கு அறிவார்கள். இவ்விரு கருத்துகளுள் எது உங்களுக்கு ஏற்புடையது என்று எண்ணிப் பாருங்கள்.

தேடி வந்த புகழ்

போர் முடிந்த பிறகு மொராண்டியின் பெயர் உலகெங்கும் பரவியது. 1948ஆம் ஆண்டு வெனிஸ் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் இத்தாலிய ஓவியருக்கான முதல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரேசிலின் சாவ் பாலோ கண்காட்சியில் 1953இல் அச்சோவியத்துக்கும், 1957இல் ஓவியத்துக்கும் உயரிய பரிசுகளைப் பெற்றார்.

புகழ் அவருடைய வாழ்க்கை முறையை மாற்றவில்லை. அதே வீடு, அதே அறை, அதே ஒடுங்கிய கட்டில். அவர் முதன்முதலில் இத்தாலியின் எல்லையைக் கடந்தது 1956ஆம் ஆண்டில்தான். அப்போது அவருக்கு வயது 66. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகருக்குச் சென்று திரும்பினார். அவருடைய ஓவியங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்தன. அவரோ வீட்டிலேயே இருந்தார்.

முதுமையில் அவருடைய ஓவியங்கள் மேலும் எளிமையாயின. நீர்வண்ணத்தில் வரைந்த சில படங்களில் குப்பியைச் சுற்றியுள்ள நிழலை மட்டும் தீட்டி, குப்பி இருக்க வேண்டிய இடத்தை வெறுந்தாளாகவே விட்டுவிட்டார். பார்ப்பவரின் கண்ணே அந்தக் குப்பியை வரைந்துகொள்கிறது. 1964ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், தாம் பிறந்த பொலோன்யா நகரிலேயே மொராண்டி மறைந்தார்.

இன்றும் வாழும் கலை

கலைஞர் மறைந்த பின்னும் அவருடைய மேசை வெறுமையாகிவிடவில்லை. அவருடைய கடைசித் தங்கை மரியா தெரேசா, தம் அண்ணனின் படைப்புகள் பலவற்றைப் பொலோன்யா நகருக்கு நன்கொடையாக அளித்தார். அதன் பயனாக 1993இல் அங்கு மொராண்டி அரும்பொருளகம் திறக்கப்பட்டது. 2009 முதல் ஃபொண்டாஸா வீதி வீட்டையும் மக்கள் பார்வையிட முடிகிறது. கிரிட்ஸானா மலையூர் தன் பெயருடன் அவர் பெயரையும் இணைத்துக்கொண்டு, கிரிட்ஸானா மொராண்டி என்று அழைக்கப்படுகிறது.

இக்காலக் கலைஞர்களும் அவரிடமிருந்து கற்கின்றனர். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் கேரி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1987இல் கட்டி முடித்த விருந்தினர் இல்லத்துக்கு மொராண்டியின் ஓவியங்களே தூண்டுகோலாக அமைந்தன. மேசைமேல் நெருக்கமாக நிற்கும் குப்பிகளைப் போல, வெவ்வேறு வடிவமுள்ள அறைகள் அங்கு ஒன்றையொன்று ஒட்டி நின்றன. 2008ஆம் ஆண்டு நியூயார்க் மாநகரின் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகம் அவருடைய ஓவியங்களுக்கெனப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது.

2009ஆம் ஆண்டு, டசிட்டா டீன் என்னும் பிரிட்டிஷ் கலைஞர் மொராண்டியின் பணியறையில் படம்பிடித்தார். அவருடைய படங்களுள் ஒன்றில் குப்பிகளே இல்லை. மேசையில் விரித்திருந்த தாள்களில் மொராண்டி இட்ட பென்சில் கோடுகள் மட்டுமே காட்டப்படுகின்றன. கோட்டின்மேல் கோடு, வட்டத்தின்மேல் வட்டம் எனப் பல ஆண்டுகளின் உழைப்பு அதில் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு கோடும், இந்தப் பொருள் இங்குதான் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் எண்ணி முடிவு செய்த தருணத்தின் அடையாளம்.

இன்று நாம் உணவை உண்ணும் முன்பே கைப்பேசியில் படம் பிடிக்கிறோம். ஒரு நாளில் எத்தனையோ படங்களைப் பார்த்து, விரலால் தள்ளிவிட்டுப் போகிறோம். அசையாப் பொருள் ஓவியம் இந்த வேகமான காலத்திலும் மக்களை ஈர்ப்பதற்குக் காரணம் உண்டு. அது நம்மை நிற்கச் சொல்கிறது. தொலைதூர நாடுகளுக்குச் செல்ல இயலாதவரும், விலையுயர்ந்த பொருள்கள் இல்லாதவரும் தம் மேசையிலிருந்தே தொடங்கலாம் என்று காட்டுகிறது. மொராண்டி தம் வாழ்நாள் முழுவதையும் இதற்கென்றே செலவிட்டார். நாம் பத்து நிமிடங்களைச் செலவிட்டுப் பார்க்கலாம். நாளை காலை, உங்கள் மேசையிலுள்ள கோப்பையைச் சற்று நகர்த்தி வைத்து, அதன் நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள்.